தலைகீழாக மாட்டிய லிவர்

பட்டறைக் கதவு வழியே சாய்ந்து விழும் மாலை வெயிலில், புல்வெட்டும் பழைய தோட்ட டிராக்டர் மூடி திறந்து உறுமிக்கொண்டிருக்கிறது. எப்படியாவது சரிசெய்ய வேண்டும் என்று அடம்பிடித்துக் கொண்டுவந்தவள் அவள்தான். புதிது வாங்கிவிடலாம் என்கிற கணவர் வாசலோடு நின்றுவிட்டார். மெக்கானிக் வேக லிவரை மேலே தள்ளுகிறார். வேகம் கூட வேண்டிய இஞ்சின் இருமி அடங்கிப்போகிறது. “எந்த மகராசன்க்கா இத தலைகீழா மாட்டினது?” என்று சிரிக்கிறார். “எங்க பையன்தான்” என்கிறாள். அவளுக்கும் சிரிப்பு வரப் பார்க்கிறது. “தம்பியக் கூட்டிட்டு வந்து ரெண்டு போடுங்க. இத நேராக்காம இஞ்சின்ல கை வைக்க முடியாது.” கணவர் தொண்டையைச் செருமுகிறார். “அவன் இப்ப இல்லப்பா. போன மழைக்காலத்துல தவறிட்டான்.” மெக்கானிக்கின் கையில் ஸ்பேனர் அப்படியே நிற்கிறது. “மன்னிச்சிருங்கக்கா. தெரியாமச் சொல்லிட்டேன். நேராக்கிடட்டுமா?” நட்டைச் சுற்றி பையன் அவசரத்தில் கீறிய கோடுகள் இன்னும் பளிச்சென்று இருக்கின்றன. அவள் உள்ளங்கையால் அவற்றை மூடிக்கொள்கிறாள். “வேணாம் தம்பி” என்கிறாள். பிறகு, கணவரைப் பார்க்காமலே, “நீங்க புதுசே வாங்கிடுங்க. இது இப்படியே வீட்டுக்கு வரட்டும்.”