முகநூலில் மாமா

"இன்னாமா, எத்தினி ஆச்சி?"

மாமனார் சாமிநாதன் இதோடு நாலாவது முறையாகக் கேட்டுவிட்டார். மூன்று முறை பல்லைக் கடித்துக்கொண்டு பதில் சொன்ன வெண்ணிலா, இந்தத் தடவை கூவினாள்.

"நாப்பத்தி மூணு மாமா! போட்டு ரெண்டு மணி நேரங்கூட ஆவல!"

வெண்ணிலா பென்சிலில் படம் வரைவாள். பாகூர் ஏரி, கரும்பு லாரி, கோயில் வாசலில் தூங்கும் நாய் என்று இரண்டு வருடமாக வரைந்து முகநூலில் போட்டுப் பார்த்துவிட்டாள். பதினோரு லைக்கைத் தாண்டியதில்லை. அதில் ஒன்று புருஷன் போட்டது, இன்னொன்று அவளே போட்டுக்கொண்டது. ஏரிப் படத்துக்கு யாரோ ஒரு புண்ணியவான் "பஸ் ஸ்டாண்டுல மழைத்தண்ணியா?" என்று எழுதப்போக, அன்றிலிருந்து கமெண்ட் பக்கமே அவள் எட்டிப் பார்ப்பதில்லை. லைக்கை மட்டும் எண்ணுவாள். எண்ணிவிட்டு அன்றைக்கெல்லாம் சாப்பிடாமல் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள்.

நேற்று ஒரு முடிவுக்கு வந்தாள். கடைசியாக ஒரே ஒரு படம். நூறு லைக் வராவிட்டால் பென்சிலையும் நோட்டையும் மூட்டை கட்டிவிட வேண்டியதுதான்.

வயலிலிருந்து வந்த மாமாவைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தாள். மூக்கில் ஈ உட்கார்ந்தபோதுகூட மனுஷன் அசையவில்லை. நரைத்த மீசை, நெற்றிச் சுருக்கம், விபூதிக் கீற்று எல்லாம் அச்சு அசலாக வந்துவிட்டன. வரைந்தது என்று சத்தியம் செய்தாலும் யாரும் நம்பமாட்டார்கள். படம்தான் பேச வேண்டும் என்ற வீம்பில், "எங்கள் மாமா" என்பதற்குமேல் அவள் ஒரு வார்த்தை எழுதவில்லை.

"எம் மூஞ்சிக்கு யாருமா லைக்கு போடறாங்க?"

"கல்யாணத்துக்கே வராத கடலூர் சொந்தமெல்லாம் போட்டிருக்கு மாமா. எண்பத்தொம்போது!"

போன் அடித்தது. பாராட்ட இப்போதுதானா நேரம் என்று துண்டித்தாள். மறுபடி அடித்தது. மறுபடி துண்டித்தாள். வீட்டுக்காரரின் கம்பெனியில் போனை வாசல் கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள்; நல்லவேளை, அவர் வேறு கூப்பிட்டு நச்சரிக்கமாட்டார். கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. அடுப்படிக்கும் கூடத்துக்கும் நடந்தாள். டீ பொங்கி வழிந்து அடுப்பு அணைந்ததுகூடத் தெரியவில்லை.

"நூறு! மாமா, நூத்தி ரெண்டு!"

"அப்போ பென்சிலு தப்பிச்சிது" என்று மாமா கட்டிலில் உட்கார்ந்தபடி சிரித்தார். "நம்ம ஆளுங்க இன்னா சொல்றாங்கன்னு ஒருவாட்டி படிச்சிக் காட்டுமா."

வெண்ணிலாவுக்குப் பழைய மழைத்தண்ணி ஞாபகம் வந்தது. ஆனாலும் நூறைத் தாண்டியவளுக்கு என்ன பயம்? இரண்டு வருடத்துக்குப் பிறகு முதல்முறையாக கமெண்ட்டைத் திறந்தாள்.

வாசலில் வேன் ஒன்று வந்து நின்றது. கதவு திறந்ததும் பெண்களின் ஒப்பாரி தெருவைக் கிழித்தது.

"அய்யோ அண்ணா! எங்கள வுட்டுட்டுப் பூட்டியே!"

வெண்ணிலா கமெண்ட்டை வேகமாகத் தள்ளிப் பார்த்தாள். போனில் மேலிருந்து கீழ்வரை ஒரே வார்த்தை: 'ஆழ்ந்த இரங்கல்', 'ஆழ்ந்த இரங்கல்', 'ஆழ்ந்த இரங்கல்'. இந்த ஊர்ப்பக்கம் ஒருவர் முகத்தைக் கறுப்பு வெள்ளையில் போட்டால் அதற்கு ஒரே அர்த்தம்தான் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. நூற்றிரண்டு பேரில் ஒருத்தர்கூட அதை ஒரு படமாகப் பார்க்கவில்லை. அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"மாமா, நீங்க... உங்களை... நான் போயி சொல்லிடறேன் மாமா!"

மாமா ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். வாய்க்கால் தகராறில் எட்டு வருடமாகப் பேசாத பங்காளி மணிமாறன், ரோஜா மாலையோடு தேம்பிக்கொண்டே வேனிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தான்.

"நில்லுமா, அவசரப்படாத" என்று அவள் கையைப் பிடித்து நிறுத்திய மாமா, கட்டிலில் நீட்டிப் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டார். "அந்தப் பய இன்னா சொல்லி அழுவுறான்னு கேட்டுட்டு எழுந்துக்கறேன்."