ஈரத்துணி

தறிச் சத்தம் நின்றது.

அதில் ஒன்றுமில்லை. இழை அறுந்தால் தறி நிற்கும், தறி நின்றால் கமலக்கண்ணன் திட்டுவார். வெயிலைத் திட்டுவார், நூலைத் திட்டுவார், நூல் கொடுத்த முதலாளியைத் திட்டுவார். கடைசியில் சுற்றி வளைத்துப் பெண்டாட்டி பரிமளாவிடம் வந்து சேருவார். கல்யாணமாகி ஆரணிக்கு வந்த நாளிலிருந்து அவள் கேட்கிற பாட்டுதான்.

பின்கட்டில் வாளித் தண்ணீரில் துணியை நனைத்துக்கொண்டே பரிமளா காத்திருந்தாள்.

திட்டு வரவில்லை.

இந்த மாதிரி வெயிலைப் பார்த்ததே இல்லை என்று ஊரில் வருஷா வருஷம் சொன்னார்கள். வருஷா வருஷம் அது உண்மையாகவும் இருந்தது.

பகல் பன்னிரண்டிலிருந்து மூன்று மணிவரை யாரும் வெளியே வர வேண்டாம் என்று செல்போனில் எச்சரிக்கை வந்தது. அடுத்த தெருவில் இருக்கிற நர்ஸ் டயானா வீடு வீடாக வந்து அதையே சொன்னாள். உப்புச் சர்க்கரைப் பொட்டலமும் கொடுத்துவிட்டுப் போனாள்.

அரசாங்கம் சொன்ன எதையும் கேட்டுப் பழக்கமில்லாத கமலக்கண்ணன் இதை மட்டும் அப்படியே கேட்டார். வெளியே எட்டிக்கூடப் பார்க்கவில்லை. வைகாசிக் கல்யாணத்துக்கான முகூர்த்தப் புடவை ஒன்று தறியில் பாதியில் இருந்தது. வீட்டுக்குள்ளேயே இரு என்று சொன்னால், நெய்யாமல் வேறென்ன செய்வது?

வீட்டுக்குள் என்றால் தறி போட்டிருக்கிற அறைக்குள்.

மேலே சிமெண்ட் ஷீட். காற்றுப் பட்டால் பட்டு நூல் காய்ந்து அறுந்துவிடும் என்று ஜன்னல் இரண்டையும் சாத்தி வைத்திருந்தார். பரிமளாவின் அண்ணன் சீராகக் கொடுத்த ஃபேன் ஒன்று தொங்கியது. யாரும் மறதியாகக்கூட அதைப் போட்டுவிடக் கூடாதென்று சுவிட்சின் மேல் டேப் ஒட்டியிருந்தார்.

வாசலில் வேப்பமரம் இருந்தது. அதன் அடியில் நல்ல நிழலும் இருந்தது. ஆனால் வெளியே வரக் கூடாதே.

அந்த வீட்டில் ராஜ உபசாரமெல்லாம் தறியில் நீட்டிக் கட்டிய பாவுக்குத்தான். அதை ஒட்டியே ஒரு கயிறு கட்டி ஈரத்துணி போட்டிருப்பார்கள். காயக் காயப் பரிமளா நனைத்து மாற்றுவாள். நூல் வாடாமல் இருக்கும். பக்கத்திலேயே தறிக்குழியில் காலை விட்டு உட்கார்ந்திருக்கிற ஆளுக்கு யாரும் எதையும் நனைத்துப் போட்டதில்லை. அவரும் கேட்டதில்லை.

துணியைப் பிழிந்து எடுத்துக்கொண்டு பரிமளா உள்ளே போனாள்.

கமலக்கண்ணன் தறிமேல் கவிழ்ந்து கிடந்தார். முகம் செக்கச் செவேலென்று இருந்தது. நெற்றியில் ஒரு பொட்டு வியர்வை இல்லை. கண் திறந்திருந்தது, ஆனால் எதையும் பார்க்கிற மாதிரி தெரியவில்லை. கையில் குறுக்கிழை ஓட்டுகிற நாடாவை மட்டும் விடாமல் பிடித்திருந்தார்.



அடுத்து நடந்ததை அவள் பிறகு தெருவில் அத்தனை பேரிடமும் ஒரே மாதிரிதான் சொன்னாள். கையிலிருந்த ஈரத்துணியை ஓடிப்போய் அவர்மேல் போட்டேன், கத்தினேன், ஆட்கள் வந்தார்கள்.

வந்தவர்களில் டயானாவும் இருந்தாள். ஜன்னல்களைத் திறந்தாள். டேப்பைப் பிய்த்தெறிந்து ஃபேனைப் போட்டாள். வாளித் தண்ணீர் முழுவதையும் அவர்மேல் ஊற்ற வைத்தாள். ஆம்புலன்ஸ் வருவதற்குள் கமலக்கண்ணனின் விரல்கள் அசைந்தன. நாடா கீழே விழுந்தது.

"ஈரத்துணி மட்டும் ஜல்தியா போடலன்னா ஆள் தேறியிருக்க மாட்டாரு. எப்டிக்கா டக்குனு தோணுச்சு உங்களுக்கு?" என்றாள் டயானா.

பரிமளா ஓவென்று அழுதாள். அதையே எல்லாரும் பதிலாக எடுத்துக்கொண்டார்கள்.

ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் சொல்பேச்சு கேட்காமல் வெளியே போய் விழுந்தவர். இவர் சொல்பேச்சு கேட்டு உள்ளே இருந்து விழுந்தவர். இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி குளுக்கோஸ்தான் ஏறியது. அதற்குப் பிறகு டயானா வீடு வீடாகப் போகும்போது இன்னொரு வரியும் சேர்த்துச் சொன்னாள். பகலில் தறியிலும் உட்கார வேண்டாம்.

வீடு திரும்பிய கமலக்கண்ணன் நேராகத் தறிக்குத்தான் போனார்.

அவர் இல்லாத நேரத்தில் சூடு இறங்காமலிருக்க ஷீட்டின் மேல் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். ஜன்னல்கள் திறந்தே கிடந்தன. அவர் அதையெல்லாம் பார்க்கவில்லை. பாவை விரலால் தடவினார். குழியில் இறங்கி உட்கார்ந்து மிதியை ஒரு தடவை அழுத்தினார். காய்ந்து கிடந்த இழைகள் படபடவென்று அறுந்தன.

திட்டு வந்தது.

வெயிலுக்குக் கொஞ்சம், நூலுக்குக் கொஞ்சம், ஃபேனைப் போட்ட டயானாவுக்கு நிறைய. பரிமளா வாசற்படியில் நின்று ஒரு வார்த்தை விடாமல் கேட்டாள். அவளுக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. சுற்றி வளைத்து அவளுடைய முறையும் வந்தது.

"எல்லாத்தையும் பாத்துகினுதான் கெடந்தேன். மொதல்ல நீ பாவுக்குத்தான துணிய போட்ட? கரெக்டா போட்டுட்டு, அப்பறம் எதுக்குடி அத்த எடுத்து எம்மேல போட்ட?"