பவளம் வருகிறாள்

“இனிமே ஆளுக்கு ஒரே ஒரு சால்மன் மீன்தான் பிடிக்கலாமாம், அதுவும் அரசாங்கம் ஒதுக்கற மீனைத்தான். இதுதான் என்னோடது!” என்று, ஆற்றிலிருந்து கடலுக்குப் புறப்பட்ட குஞ்சு ஒன்றைக் கைப்பேசியில் காட்டினார் என் கணவர் தயாளன். நான்கு ஆண்டுகளுக்கு முன்பு.

“பேரு வெச்சாச்சா?” என்று கேலியாகத்தான் கேட்டேன்.

“பவளம்,” என்றார், கொஞ்சம் வெட்கத்தோடு.

அன்றிலிருந்து வீட்டில் நாங்கள் மூன்று பேர். பவளம் எங்கே நீந்துகிறாள், என்ன தின்றாள் என்று அவள் உடம்பில் பொருத்திய மின்சில்லு கைப்பேசிக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். ஒரு நாள் வேலை முடிந்து ரயில்வே ஸ்டேஷனிலிருந்து மழையில் தொப்பலாக நனைந்து வந்தேன். “பவளம் இருக்கற பக்கம் புயலாம்,” என்றார், தலை நிமிராமல்.

இந்த இலையுதிர் காலத்தில் அவள் முட்டையிடக் கடலிலிருந்து ஆற்றில் ஏறி வந்தாள். பிடித்துவிட்டால் தொல்லை தீரும் என்று நானும் கூடவே போனேன். குழம்புக்குப் புளிகூட ஊறப் போட்டிருந்தேன்.

தூண்டிலில் சிக்கிய, முட்டைப் பருவத்தில் சிவந்துபோன பவளத்தை அவர் இரு கைகளிலும் ஏந்திப் பார்த்தார். முள்ளை மெல்லக் கழற்றித் தண்ணீரிலேயே விட்டுவிட்டார்.

“பாவம், எவ்வளவு தூரத்திலேருந்து வர்றா! யாராவது வந்து நின்னாத்தானே வீட்டுக்கு வந்த மாதிரி இருக்கும்?”

கல்யாணமான நாளிலிருந்து கேட்க நினைத்ததைக் கேட்டேன்.

“நானும் தினம் தனியாத்தாங்க வர்றேன். ஒரு நாளாவது ஸ்டேஷனுக்கு வந்து நில்லுங்களேன்.”