புதுசு என்று தெரியக்கூடாது

மெத்தைக்கடை அக்காவின் பிக்கப் வண்டி பட்டறை வாசலில் வந்து நின்றது. அவளும், பெரியப்பா என்று அவள் சொன்ன ஒரு வழுக்கைத் தலைக்காரரும் இறங்கினார்கள். பெரியப்பா நிழலில் கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

"கியர் லீவரைப் பிடிச்சு நிறுத்தற புஷ் எல்லாம் தேஞ்சு போச்சு. மாத்தணும்" என்றாள் மெக்கானிக்கிடம்.

"விட்டுட்டுப் போங்கக்கா. ரெண்டு நாள் ஆகும்."

"இன்னிக்கே வேணும். காலையில வண்டியை போலீஸ் ஸ்டேஷன்ல நிறுத்தணும்."

அவள் தம்பி லாக்கப்பில் இருப்பது ஊருக்கே தெரியும். கட்டடம் கட்டும் இடத்திலிருந்து செப்புக் கம்பிச் சுருள்கள் காணாமல் போயிருந்தன. அவற்றை ஏற்றிப்போனது இந்த வண்டிதான் என்று காவலாளி சத்தியம் செய்கிறார். ஓட்டிய ஆணின் முகத்தை மட்டும் அவர் பார்க்கவில்லை. ஸ்க்ரூடிரைவரைத் திருகினாலே கிளம்பிவிடும் வண்டி. தெருவில் நின்றதை யாரும் எடுத்துப்போய்விட்டுத் திரும்ப விட்டிருக்கலாம். ஆனால், காலிப் பானையில் விட்ட கரண்டி மாதிரி ஆடும் அந்தக் கியரைப் போட்டு ஓட்ட அவள் தம்பியை விட்டால் வேறு எந்த ஆம்பளையால் முடியும் என்று போலீஸ் கேட்டது. கேட்ட கையோடு அவனைத் தூக்கி உள்ளே வைத்துவிட்டது.

அக்கா குரலைத் தாழ்த்தினாள். "நாளைக்கு ஒரு கான்ஸ்டபிளை ஓட்டச் சொல்லிப் பார்ப்பாங்களாம். அவர் ஓட்டிட்டா, யார் வேணா ஓட்டலாம்னு ஆயிடும். தம்பியை விட்டுடுவாங்க. ஆனா புஷ் புதுசுன்னு தெரியக்கூடாது."

மெக்கானிக் தாடையைச் சொறிந்தான். "போலீஸ் விவகாரம்க்கா. என் தலை உருளும்."

"அவன் பொண்டாட்டிக்கு இதுதான் மாசம். வலி வந்தா கூட்டிட்டுப் போக அவன் வேணும்." அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

மெக்கானிக் தெருவை ஒரு பார்வை பார்த்தான். பெரியப்பாவைப் பார்த்தான். அவர் லேசாகக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

"சரி, சாவியைக் குடுங்க. வெளிய மூச்சு விடக்கூடாது."

வண்டியில் ஏறி, பின்பக்கமாகவே எடுத்து, பட்டறைக்குள் நின்ற இரண்டு கார்களுக்கு நடுவே சேர்த்து நிறுத்தினான். உடனே வேலையில் இறங்கினான். லீவரின் ரப்பர் உறையைக் கழற்றி, லாக்கை நெம்பி எடுத்து, லீவரை உருவினான். அதன் அடியில் இருக்க வேண்டிய பிளாஸ்டிக் புஷ், காய்ந்த தேங்காய்ச் சில்லு போல் பொடிப்பொடியாக வந்தது.

"கீழே ராடுலயும் ரெண்டு இருக்குல்ல? அதையும் மாத்திடுங்க" என்றாள்.

"போலீஸை ஏமாத்த இது ஒண்ணு போதும்க்கா."

"செய்யறது செய்யறோம், ஒழுங்கா செய்ங்க."

கள்ளத்தனத்திலும் கறாராக இருக்கிறாளே என்று அலுத்துக்கொண்டே அவன் வண்டிக்கு அடியில் படுத்து நகர்ந்தான். இரண்டு கையாலும் ராடைத் தாங்கிப் பிடித்திருந்த நேரம் பார்த்து, பெரியப்பா எழுந்து பாத்ரூம் தேடிப் பட்டறையின் பின்பக்கம் போனார்.

"அங்க இல்ல பெரியவரே! எதிர்க்கடைக்குப் போங்க!" என்று அவன் அடியிலிருந்தே கத்தினான்.

பெரியப்பாவுக்குக் காது மந்தம்போல. திரும்பி வரக் கொஞ்சம் நேரமானது. வயதானால் அப்படித்தான்.

புது புஷ்களைத் தட்டி இறக்கிய பிறகு, மெக்கானிக் அவற்றின்மேல் பழைய கிரீஸைப் பூசி, தரையிலிருந்த புழுதியை அள்ளி அப்பினான். "பத்து வருஷப் பழசுன்னு கம்பெனிக்காரனே சொல்லுவான்" என்றபடி வெளியே வந்தான்.

அக்கா ஏறி உட்கார்ந்து ஒவ்வொரு கியராகப் போட்டுப் பார்த்தாள். விரலால் தள்ளினாலே விழுந்தது. பல நாளைக்குப் பிறகு அவள் முகத்தில் சிரிப்பு வந்தது.

"வேலை முடிஞ்சுதா?" என்றார் பெரியப்பா. அவர் சட்டைப்பையிலிருந்து போலீஸ் அடையாள அட்டை வெளியே வந்தது. "செப்புக் கம்பி பின்னால சாக்குக்கு அடியில பத்திரமா இருக்கு. கிளம்பலாமா?"

மெக்கானிக் இரண்டடி பின்வாங்கினான். "சார், யாரோ கொண்டுவந்து போட்டிருக்காங்க..."

"இந்த வண்டியோட பட்டறை பட்டறையா ஏறி இறங்கிட்டு வர்றோம்யா. ஒரு மெக்கானிக்காலயும் இதுக்கு ரிவர்ஸ் போட முடியல. தள்ளித்தான் உள்ள கொண்டுபோனாங்க. நீ ஏறின, போட்ட, வந்துட்ட. முன்னப்பின்ன ஓட்டாதவனுக்கு வராதே அது!"

மெக்கானிக் தன் கையையே வெறித்துப் பார்த்தான். எதிர்க்கடையிலிருந்து ஓடிவந்த இரண்டு கான்ஸ்டபிள்கள் அந்தக் கையைப் பிடித்து விலங்கு மாட்டினார்கள்.

"உங்க தம்பி இப்பவே வீட்டுக்கு வந்துடுவார்ம்மா" என்ற இன்ஸ்பெக்டர், தலையைத் தடவிக்கொண்டார். "ஒண்ணுதான் புரியல. கம்பியைப் பார்த்துட்டு வந்ததுமே இவனைப் பிடிக்கப் போனேன். கொஞ்சம் பொறுங்கன்னு கண்ணைக் காட்டினீங்களே, ஏன்?"

அக்கா வண்டியைக் கிளப்பினாள்.

"நல்ல மெக்கானிக் சார் அவர், உள்ள போயிட்டா அப்புறம் இந்த வேலையை யார் செஞ்சு தருவா?"