பூஜ்யம் போட்ட வீடு

தெருமுனையில் இருக்கும் தீயணைப்புக் குழாயைத் திறந்தால் சுற்றியுள்ள வீடுகளுக்கு எவ்வளவு தண்ணீர் மிஞ்சும் என்று கணினியில் ஓட்டிப் பார்ப்பது என் வேலை. இன்று அக்கா இருந்த தெருவின் முறை.

"எரிஞ்சுபோன வீட்டுல யாருப்பா தண்ணி பிடிக்கப் போறாங்க? பூஜ்யம் போடு," என்றார் மேலதிகாரி. அது யார் வீடு என்று அவருக்குத் தெரியாது. போட்டேன்.

திரையில் தீயணைப்புக் குழாயைத் திறந்ததும் அந்த வீடு தண்ணீர் எடுத்தது. ஒரு வாளி அளவு. நின்றது. மறுபடி ஒரு வாளி.

"இணைப்பையே அழிச்சிட்டு ஓட்டு."

அழித்துவிட்டு ஓட்டினேன். ஒரு வாளி. நின்றது. மறுபடி ஒரு வாளி.

"சாஃப்ட்வேர் கோளாறு, விட்டுத் தொலை," என்று அவர் சாப்பிடப் போய்விட்டார்.

தீப்பிடித்த அன்று அக்காவின் குழந்தை மாடியில் இருந்தது. தீயணைப்பு வண்டி வந்தும் தெருமுனைக் குழாயில் சொட்டுத் தண்ணீர் இல்லை. வீட்டுக் குழாயில் நூலாக வந்ததை அக்கா வாளியில் பிடித்துப் பிடித்து மாடிக்கு ஓடினாளாம். கடைசியில் இருவருமே இறங்கி வரவில்லை.

வாளி சீக்கிரம் நிறையட்டும் என்று திரையில் நீரழுத்தத்தைக் கூட்டினேன். உடனே நிறைகிறது. ஆனால் ஒவ்வொரு முறையும் அடுத்த வாளிக்கு அவள் கீழே இறங்கிவர இன்னும் கொஞ்சம் அதிக நேரம் ஆகிறது.