உள்ள வேகல

அந்தம்மாவ யாரு வேலைக்கு வெச்சதுன்னுதான கேக்குறீங்க? சரியான கேள்வி. கான்கிரீட் லாரியோட வந்து நிக்கிறீங்க, அவங்க சாய்தளத்த மறுபடி இடிக்கச் சொல்லிட்டாங்க. வயித்தெரிச்சல் இருக்கத்தான் செய்யும். லாரிய ஓரங்கட்டுங்க, சொல்றேன்.

இந்த முதியோர் மன்றத்தக் கட்டுற காண்ட்ராக்ட் க்ளெனுக்குக் கெடச்சுது. அவன் வேலைய அவன் ஆளே பாத்து "பிரமாதம்"னு சொன்னா நல்லாவா இருக்கும்? அதனால, அவனுக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு இன்ஸ்பெக்டரை நகரமே வெச்சுக்கணும்னு கவுன்சில்ல முடிவு பண்ணாங்க.

நான் டவுன் ஹால்ல பராமரிப்பு வேல. இன்டர்வியூ அன்னிக்கு நாற்காலி போட்டு, காபி ஊத்திட்டு ஓரமா நின்னேன்.

வந்தது ரெண்டு பேரு. ப்ரென்ட்னு ஒருத்தரு, பக்கத்து ஊரு, சிரிச்ச முகம். இன்னொருத்தங்கதான் இந்த டெலூகா அம்மா. நியூஜெர்சிலேர்ந்து குடி வந்தவங்க. நுழையும்போதே, "இந்தக் கதவு சரியா மூடல"ன்னாங்க. அந்தக் கதவு என் பொறுப்பு.

எங்க மினசோட்டால யாரும் அப்படி மொகத்துக்கு நேரா பேச மாட்டோம். வீடு பத்திக்கிட்டு எரிஞ்சாக்கூட, "கொஞ்சம் வெதுவெதுன்னு இருக்குல்ல?"ம்போம்.

அந்த நேரம் பாத்து ஆர்டிஸ் உள்ள வர்றாங்க. க்ளெனோட அம்மா. கையில துண்டு சுத்துன பெரிய பாத்திரம்.

மேயர் மார்லிஸ் நெளிஞ்சாங்க. "ஆர்டிஸ், நீங்க வந்ததுல ரொம்ப சந்தோஷம். ஆனா பாருங்க... உங்க பையன் காண்ட்ராக்டர். நீங்க சாப்பாட்டோட வந்தா, நாலு பேரு என்ன நெனைப்பாங்க?"

"பசிக்குதுன்னு நெனைப்பாங்க. வெண்டல், தட்டு எடு"ன்னு என்னப் பாத்து சொன்னாங்க ஆர்டிஸ்.

கவுன்சிலர் லைல் என் காதுல, "பையனுக்கு வளஞ்சு குடுக்குற ஆளாப் பிடிக்க வந்திருக்கு கிழவி"ன்னாரு. நானும் அப்படித்தான் நெனச்சேன்.

கோழியும் அரிசியும் ஒண்ணாப் போட்டு அடுப்புல வேக வெக்கிற எங்க ஊரு ஹாட்டிஷ். மேல சீஸ் உருகி, பொன்னு மாதிரி செவந்து, பாக்கவே அப்படி இருந்துது. எல்லாரும் வாயில வெச்சாங்க.

நறுக். நறுக். நறுக்.

கவுன்சிலே குதிர கொள்ளு திங்குற மாதிரி மெல்லுது.

மேயர் ரெண்டு டம்ளர் தண்ணி குடிச்சிட்டு, "ரொம்ப நல்லாருக்கு ஆர்டிஸ்"னாங்க.

லைல், "வித்தியாசமா இருக்கு"ன்னாரு. எங்க ஊர்ல ஒருத்தர் சொல்லக்கூடிய அதிகபட்ச கெட்ட வார்த்தை அது.

ப்ரென்ட் ரெண்டாவது தடவ வாங்கிக்கிட்டாரு. "அப்படியே எங்கம்மா கைப்பக்குவம்!"

"அம்மா இருக்காங்களா?"

"போய்ச் சேந்துட்டாங்க."

"சேராம இருப்பாங்களா பின்ன"ன்னாங்க ஆர்டிஸ்.

டெலூகா அம்மா ஒரு வாய் வெச்சாங்க. கரண்டியக் கீழ போட்டாங்க.

"மேல நல்லா செவந்திருக்கு. உள்ள அரிசி வேகவே இல்ல. வயசானவங்களுக்கு இதப் போட்டீங்கன்னா பல்லு கையோட வந்துரும். கொண்டு போயி மறுபடி அடுப்புல வைங்க."

மேயர் கைக்குட்டையால மொகத்த மூடிக்கிட்டாங்க. லைல் மேல சுத்துற ஃபேனையே பாத்துக்கிட்டிருந்தாரு. நான் காபி ஊத்துனேன், ஏற்கனவே நெறஞ்சிருந்த கப்புல.

ஆர்டிஸ் நிதானமா பாத்திரத்த மூடினாங்க.

"இந்தம்மாவ வெச்சுக்குங்க."

"ஆர்டிஸ்! இவங்க உங்க க்ளென ஒரு ஆணி அடிக்க விட மாட்டாங்களே!"

"அதுக்குத்தான் அரிசிய ஊற வைக்காம, பாதி வேக்காட்டுல எறக்கிக் கொண்டாந்தேன். நீங்க யாரும் வாயத் தொறக்க மாட்டீங்கன்னு தெரியும். அந்த மன்றத்துக்கு வரப்போறது என் சிநேகிதிங்க. பாதிப் பேரு கோல் ஊனி நடக்குறவங்க. அவங்க விழக்கூடாது."

"அதுக்காக, பெத்த புள்ளையவே இப்படி..."

"தங்கமான புள்ள மார்லிஸ். பூச்சு வேல மட்டும் அழகாப் பண்ணுவான். அவன் கட்டிக்குடுத்த வீட்லதான நான் இருக்கேன்? போன பனிக்காலத்துல படிக்கட்டோட கைப்பிடி கையோட வந்துருச்சு. விழுந்து எந்திரிச்சு, அதத் திருப்பிச் சொருகி வெச்சிட்டேன். அவன் வந்து, 'வீடு எப்படிம்மா இருக்கு?'ன்னான்."

"என்ன சொன்னீங்க?"

"ரொம்ப நல்லாருக்குடான்னேன். நானும் இந்த ஊருக்காரிதான?"

க்ளென்கிட்ட இத சொல்லிடாதீங்க. அவங்கம்மா அந்தச் சிரிச்ச மொகம் ப்ரென்டுக்காகத்தான் சண்ட போட்டாங்கன்னு நம்பிக்கிட்டிருக்கான், பாவம்.

"வெண்டல்! கடப்பாறை எங்க?"

டெலூகா அம்மாதான். நீங்க இருங்க, நான் குடுத்துட்டு வந்துடறேன்.