மானுக்கு முன்னால் கொஞ்சம் இடம்

வேட்டைத் துப்பாக்கியின் பக்கத் தகட்டில் வெள்ளைச் சாயம் பூசி, செதுக்குவதற்கு முன் பென்சிலால் மானை வரைந்து பார்க்கிறாள் தங்கை. துப்பாக்கி உள்ளே இருக்கும்வரை பட்டறைக் கதவை வெளியிலிருந்து பூட்டிவைப்பது அண்ணனின் வழக்கம். ஜன்னல் கம்பிகளின் நிழல் அவள் கைமேல் விழுகிறது. மானைச் சுற்றிக் கொடி, பின்னால் நாய்கள். முன்னால் மட்டும் விரல்நுனி அளவு வெற்றிடம். ஜன்னல் வழியாக அண்ணன் எட்டிப் பார்க்கிறான். “அங்க என்ன காலியாக் கிடக்கு?” “மான் ஓட வேணாமா அண்ணே?” “ஓடி என்னத்தக் கிழிக்கப்போகுது? இலையப் போட்டு ரொப்பு.” “சரி. கதவக் கொஞ்சம் திறங்களேன், புழுங்குது.” “வேலை முடியட்டும்.” அவள் பென்சிலைச் சீவிக்கொண்டு ஓர் இலை வரைகிறாள், பக்கத்தில் இன்னொன்று, மிஞ்சிய இடுக்கில் ஒரு சுருள். கொடி மூடிக்கொள்கிறது. “இப்பதான் அழகா இருக்கு,” என்கிறான் அண்ணன். அவன் இடுப்புச் சாவிக்கொத்தின் சத்தம் தெருவோடு போகிறது.